பிறை விழுந்த ரூபாய்

ஒரு ரூபாய்க்கு இன்றைக்கு என்ன கிடைக்கும்? மந்தைவெளிப் பெட்டிக்கடையில் ஒரு புளிப்பு மிட்டாய் கிடைக்கும். அப்படிப்பட்ட ஒரு ரூபாய்க்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை சூடாமணியின் வீட்டு ஹாலில், உறவுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னார்கள்.

சொன்னவள் சூடாமணியின் ஒரே மகள் ஸ்ரீலக்ஷ்மி. கேட்டுக்கொண்டு நின்றவர் ராமானுஜம், அவளுடைய சித்தப்பா.

அந்த ரூபாய் சாதாரண ரூபாய் இல்லை. சூடாமணியின் கணவர் ராகவேந்திரன் வங்கியில் காசாளராக இருந்தவர். அச்சுப் பிசகிய நாணயம் எது கவுண்டருக்கு வந்தாலும், தன் சட்டைப்பையிலிருந்து நல்ல காசு ஒன்றைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். இப்படிச் சேர்ந்த கூட்டத்தில் அவருக்கு உயிர் ஒன்றே ஒன்று. தொண்ணூற்றைந்தாம் வருஷத்து எஃகு ரூபாய். அச்சு ஏறக்குறையப் பாதி நகர்ந்து விழுந்து, மீதி இடம் வெறும் தகடாகப் பிறை மாதிரி தெரியும். "இது உனக்குத்தான்" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தார்.

அவர் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. ஆல்பத்தில் மற்ற காசெல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் வீட்டுச் சாவி ராமானுஜத்திடம் இருந்தது. விளக்கேற்றவும் செடிக்குத் தண்ணீர் விடவும் வந்து போனவர் அவர்தான். ஸ்ரீலக்ஷ்மிக்கு அது போதுமானதாக இருந்தது.

ராமானுஜம் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதற்கும் பிறகு ஒரு அத்தை சும்மா இருந்தாளா? "திருடின கையால எள்ளும் தண்ணியும் இறைச்சா, அது அவனுக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டு வைத்தாள்.

ராகவேந்திரனுக்கு மகன் இல்லை. கொள்ளி வைத்ததும், மாதா மாதம் மாசியம் என்ற திதி கொடுப்பதும் தம்பிதான். நாலாவது மாசியம் நாளைக்கு. அவர் வருவாரா என்று தெரியாமல் ஐந்து நாளாகச் சூடாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீலக்ஷ்மி அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடையாறுக்குக் கிளம்பினாள். அங்கே அசோகன் என்று ஒரு காசு வியாபாரி. ராகவேந்திரனுக்கு நெடுநாள் பழக்கம். சித்தப்பா காசை விற்றிருந்தால் அது சுற்றிச் சுற்றி இவரிடம்தான் வந்திருக்கும் என்பது அவள் கணக்கு. வழியெல்லாம் போனை அம்மாவிடம் நீட்டிக்கொண்டே வந்தாள். அதில் யாரோ ஒருவன் இதே மாதிரி காசைக் காட்டி, பத்து லட்சம் போகும் என்று கத்திக்கொண்டிருந்தான்.

திரு.வி.க. பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. சூடாமணி ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து லட்சமோ பத்து பைசாவோ, நாளைக்கு ராமு வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அசோகனின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஒரு மேஜை விளக்கு, ஒரு சின்னத் தராசு, சுவர் முழுக்கப் பெட்டிகள். அவர் எழுந்து நின்று இவர்களை உட்கார வைத்தார். சார் போன செய்தி தெரிந்தும் வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டார். அந்தக் காசை யாரும் கொண்டுவரவில்லை, வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பேன் என்றார். பல வருஷத்துக்கு முன்னால் சார் அதை எடுத்து வந்து இதே மேஜையில் காட்டினாராம். கேட்டதற்குக் கொடுக்கவில்லையாம்.

"பத்து லட்சத்தை யாராவது குடுப்பாளா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அசோகன் தராசை ஒதுக்கி வைத்தார்.

"அந்த வீடியோ பாத்துட்டுத் தெனம் நாலு பேரு வர்றாங்கம்மா. ஒருத்தன் வேலையை உட்டுட்டு வந்தான். லட்சம்லாம் கெடையாது. சாரோட காசு நல்ல காசு, அதனால சொல்றேன். எட்டாயிரம் போவும். ரொம்ப ஆசைப்படறவன் வந்தா பத்தாயிரம்."

ஸ்ரீலக்ஷ்மியின் முகம் விழுந்துவிட்டது. அவள் நம்பாதவளைப் போல உட்கார்ந்திருக்கவே, அவர் ஒரு பெட்டியைத் திறந்து தன்னிடமிருந்த பிசகு நாணயம் ஒன்றை விளக்கடியில் வைத்து விளக்க ஆரம்பித்தார். அச்சு லேசாக விலகியிருந்தால் அதற்கு ஒன்றும் இல்லை. பாதி நகர்ந்து, ஆனால் வருஷம் முழுசாகத் தெரிந்தால்தான் சேகரிப்பவர்கள் கேட்பார்கள். வருஷம் வெளியே போய்விட்டால் விலையும் போயிற்று. தகடே நகர்ந்து போய் அச்சுக்கு அடியில் மாட்டுவதால், முன்பக்கம் எவ்வளவு வெறுமையோ பின்பக்கமும் அதே இடத்தில் அவ்வளவு வெறுமையாக இருக்க வேண்டும்.

"முன்னாடி பிறை, பின்னாடி முழு நிலாவா இருந்துச்சுன்னா, அரத்தால ராவினதுன்னு அர்த்தம். எடை போட்டாலே காமிச்சுக் குடுத்துடும். அது மாதிரி ராவி ராவி விக்கிறவன் இப்ப பாண்டி பஜார் பக்கமே ரெண்டு பேரு கீறான்."

ஸ்ரீலக்ஷ்மி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, "விலை என்னவா இருந்தா என்ன? அப்பா எனக்குன்னு வெச்சது. எடுத்தது எடுத்ததுதான்" என்றாள். எட்டாயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் நடுவில் இறங்கிக்கொள்ள அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கோபத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவது எளிது, இறங்குவதற்குத்தான் யாராவது கை கொடுக்க வேண்டும்.

அசோகன் அந்தக் காசை எடுத்துச் சூடாமணியின் உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும் என்றார். அச்சடிக்கும்போது காசைப் பிடித்து நிறுத்தும் வளையத்துக்கு வெளியே நசுங்கியதால் சரியான வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் முட்டை மாதிரி பிதுங்கியிருக்கும். அந்தப் பக்கத்து ஓரத்தில் விளிம்பும் இருக்காது, கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போகும்.

சூடாமணியின் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனது.

இந்த வழுவழுப்பை அந்த விரல் ஒருதரம் தொட்டிருக்கிறது. ஈரத் துணிக்குள்ளே, மஞ்சள் வாசனையோடு, அவசரத்தில்.

அவள் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். ஸ்ரீலக்ஷ்மிக்குத் தரமணியில் ஆபீஸ். அங்கிருந்தே போய்விட்டாள். சூடாமணி ஆட்டோக்காரரிடம் மந்தைவெளி என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்ட தொகைக்கு மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. நேரே பூஜை அலமாரிக்குப் போனாள். மேல் தட்டில், பெருமாள் படத்துக்குப் பின்னால் அந்த மஞ்சள் முடிச்சு இருந்தது.

ராகவேந்திரன் மயங்கி விழுந்த சாயங்காலம், ஆம்புலன்ஸ் கீழே நிற்கும்போது, அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது அது ஒன்றுதான். ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைக்க வேண்டும். ஆனால் வீட்டில் ரூபாய் நாணயம் இல்லை. பால்காரர் முதல் பூக்காரி வரை எல்லோருக்கும் போனிலேயே பணம் போகிற காலம். பெருமாளுக்கு மட்டும் போனில் முடிந்து வைக்க முடியாதே! அவர் மேஜையில் காலித் தைல டப்பா ஒன்று கிலுகிலுத்தது. திறந்தாள், ஒரு ரூபாய். அதை உற்றுப் பார்க்க அவளுக்குக் கண் ஏது? அவர் நடந்து வீட்டுக்கு வந்தால் திருப்பதிக்கு வந்து உண்டியலில் சேர்க்கிறேன் என்று முடிந்துவிட்டு ஓடினாள்.

அவர் நடந்து வரவில்லை. அதற்குப் பிறகு அந்த முடிச்சை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெருமாள் தன்னைக் கைவிட்டதற்கு அது சாட்சியாக அங்கே இருந்தது. ஆல்பத்தைக் கவிழ்த்துத் தேடிய நாளில் மகள், "நீ அப்பா காசு எதையாவது தொட்டியா?" என்று கேட்டபோது, இல்லை என்று சத்தியமாகச் சொன்னாள். அவருடைய பிரிய நாணயம் ஒரு தைல டப்பாவில் குடியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆல்பத்தில் வைத்தால் தொட முடியாது என்று அவர் அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தாரோ என்னவோ.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் இழுத்துப் பிரித்தாள். மஞ்சள் கறை படிந்த காசு உள்ளங்கையில் விழுந்தது. முன்னால் பிறை. திருப்பினாள். பின்னாலும் பிறை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்தது போதாதென்று, ஒரு பிள்ளையைத் திருடன் என்றும் சொல்லியாகிவிட்டது. சூடாமணி கல்யாணமாகி வந்தபோது ராமானுஜத்துக்குப் பள்ளிக்கூட வயது. அவள் கையால் எத்தனை நாள் தலைவாரி விட்டிருப்பாள்! அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. நேரில் அபிராமபுரத்துக்கே போய்விடலாம் என்று புடவையைச் சரிசெய்து கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது.

ராமானுஜம் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை அசைத்து மறுத்தார். சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றை நீட்டினார்.

"இந்தாங்கோ மன்னி. காசு. நான்தான் எடுத்தேன்."

சூடாமணி உறையை வாங்கிக்கொண்டாள். அவர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் சொல்லிவிட்டாராம். அத்தை, மாமா எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். காசு வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். மாசியத்தை மட்டும் மயிலாப்பூரில் ஒரு மடத்தில் தனியாகச் செய்துவிடுகிறாராம், அண்ணாவுக்குக் குறை வைக்க மாட்டாராம். காரியத்துக்குத் தண்ணீர் வைக்கிற தன் பஞ்சபாத்திரம் இந்த வீட்டில் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்தால் போதும்.

அவள் உறையிலிருந்து காசை எடுத்தாள். முன்னால் பிறை இருந்தது, வருஷமும் இருந்தது. திருப்பினாள். பின்னால் சிங்கத் தூண் நட்டநடுவில் நின்றது, சுற்றி விளிம்பு முழு வட்டமாக ஓடியது. பிறையின்மேல் அரம் போன கீறல்கள் மின்னின. எவனோ பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ராவிய காசு. காலையில்தான் கற்ற பாடம், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கொடுமையாக உதவும் என்று அவள் நினைக்கவில்லை.

நிமிர்ந்தபோது அவருடைய விரல் கண்ணில் பட்டது. பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், அண்ணாவின் நினைவாக இருக்கட்டும் என்று அவளே அவருக்குக் கொடுத்த, தர்ப்பைக்குப் பதிலாக அணிகிற தங்கப் பவித்ர மோதிரம் அங்கே இல்லை.

"மோதிரம் எங்கே, ராமு?"

"பவித்ரத்துக்குத் தர்ப்பை போறும், மன்னி" என்றார் அவர்.

சூடாமணி உள்ளே போனாள். பஞ்சபாத்திரத்தை ஒரு கையிலும், பிரிந்த மஞ்சள் துணியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வந்தாள். துணியை அவர் முன்னால் விரித்து, உள்ளே இருந்த நிஜக் காசைக் காட்டினாள். எங்கே இருந்தது, எப்படிப் போயிற்று என்று எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ராமானுஜம் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒற்றை விரலால் அந்தக் காசைத் தொட்டார்.

"இதை ஒருநாள்கூட அண்ணா என் கையில குடுத்ததில்லை. தொலைச்சுடுவேன்னு."

எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்கிறேன், இந்தக் காசையே காட்டுகிறேன் என்று அவள் பதறினாள். அவர் வேண்டாம் என்றார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தன் வாயால் திருடினேன் என்று சொல்லியாகிவிட்டது. இனிமேல் மன்னி எதைச் சொன்னாலும், மாசியம் செய்யக் கர்த்தா வேண்டுமென்று கதை கட்டுகிறாள் என்றுதான் பேசுவார்கள்.

"அவா இருக்கட்டும், மன்னி. லக்ஷ்மி நம்புவாளா?"

நம்புவாள் என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யாக இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும். சூடாமணி வாயைத் திறந்தாள். எடுத்தது எடுத்ததுதான் என்று காலையில் மகள் சொன்னபோது இருந்த முகம் குறுக்கே வந்து நின்றது.

அவர் காத்திருந்தார். பிறகு புரிந்துகொண்டவர்போலத் தலையாட்டினார். பஞ்சபாத்திரத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். நாளைக்கு இங்கேதான் மாசியம், நீ வரணும் என்று அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டது மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் போனைப் பார்த்தாள். வெறும் வாயை மெல்லுகிற கூட்டத்துக்கு அவல் கிடைத்துவிட்டது. ராமானுஜத்தின் இரண்டு வரிக்குக் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். பெரிய மனசு என்றார் ஒருவர். அப்பவே நினைச்சேன் என்றாள் அத்தை. அவற்றுக்கு நடுவே ஸ்ரீலக்ஷ்மி எழுதியிருந்தாள்: 'அப்பா இருந்திருந்தா கேட்ட உடனே குடுத்திருப்பாரே, சித்தப்பா.' அதற்குக் கீழே, ராமானுஜம் குரூப்பிலிருந்து வெளியேறினார் என்று சின்ன எழுத்தில் இருந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். கையில் பஞ்சபாத்திரம் இருந்தது. கீழ்ப்படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்ததாம். இதை யார் அங்கே வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே மேஜைமேல் வைத்தாள்.

சூடாமணி பாத்திரத்தையே பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு போகத்தானே ராமு வந்தான்? ஆனாலும் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தைல டப்பா, ஆம்புலன்ஸ், மஞ்சள் துணி, எதையும் விடவில்லை. ஸ்ரீலக்ஷ்மி கேட்டு முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"நாளைக்கு அவர் வரணும்கறதுக்காகச் சொல்றே. எனக்குத் தெரியும்மா."

ராமு சொன்னது அப்படியே நடந்தது. சூடாமணி வாதாடவில்லை. இரண்டு காசையும் மேஜை விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"காலம்பற அசோகன் சொல்லிக் குடுத்தது மறந்துடலையே? நீயே பாரு."

ஸ்ரீலக்ஷ்மி பளபளப்பாக இருந்ததை முதலில் எடுத்தாள். திருப்பினாள். முழு விளிம்பைப் பார்த்தாள். கையில் வைத்து எடை பார்த்தாள். மஞ்சள் படிந்ததை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். அப்பா அப்படித்தான் தடவிக்கொண்டிருப்பார். கண்ணைத் திறக்காமலே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுக்காத காசை எதுக்கும்மா எடுத்தேன்னு சொன்னார்?"

மோதிரத்தை விற்று அந்தப் போலிக் காசை வாங்கியிருக்கிறார் என்று சூடாமணி சொன்னாள். சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அழுவாளே, அப்படி அழுதாள் ஸ்ரீலக்ஷ்மி. தூக்கிவிட அப்போதெல்லாம் சித்தப்பாதான் ஓடி வருவார்.

அவள் அழுதுகொண்டே அவருக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது. மறுபடி செய்தாள். மறுபடி அதே குரல். அதை வைப்பதற்குள் சூடாமணியின் போன் அடித்தது. ராமானுஜத்தின் மனைவி ஜெயஸ்ரீ.

"மன்னி, அவர் அங்கேதானே இருக்கார்? சித்த போனைக் குடுங்கோளேன். பஞ்சபாத்திரத்தை எடுத்துண்டு வந்துடறேன்னு காலம்பற கிளம்பினவர், இன்னும் ஆத்துக்கு வரலை. மடத்துலேர்ந்து ரெண்டு தரம் கேட்டுட்டா, நாளைக்கு மாசியம் உண்டா இல்லையான்னு."

ஸ்ரீலக்ஷ்மியும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டாள். இருவரும் மேஜையைப் பார்த்தார்கள். இரண்டு காசுக்கும் பக்கத்தில் பஞ்சபாத்திரம் இருந்தது. எடுத்துப் போக வந்தவர் அதைப் பாதிப் படியிலேயே வைத்துவிட்டு எங்கே போயிருப்பார் என்று வாய்விட்டுக் கேட்க இருவருக்கும் பயமாக இருந்தது.